பட்டியலில் எஞ்சிய பெயர்: 'நோக்கர்' தோரணியின் வரலாறு (1979–2017)

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் நடத்தைசார் தோரணிகளுள் ஒன்று 'அப்சர்வர்'. இக்கட்டுரை அதனை 'நோக்கர்' எனக் குறிக்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொகைநூலின் வழியாகவே பலரும் இதனை அறிவர். எனினும் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே ஸ்மால்டாக் மொழியில் இது வேறொரு பெயரில் வழங்கியது. பட்டியலில் சேர்ந்த பொருளை யார், எப்போது நீக்குவது என்னும் வினாவைப் பற்றிக்கொண்டு இத்தோரணியின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது. ஸ்மால்டாக்கில் வெளிப்படையாகப் பேசப்பட்ட அவ்வினா, தொகைநூலில் சி++ மொழியின் ஒரு வரிக்குள் ஒடுங்கியதும், ஜாவாவுக்குப் பெயர்ந்தபோது அவ்வரி விடுபட்டதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நோக்கர் தோரணி, ஸ்மால்டாக், ட்ரிக்வே ரீன்ஸ்கோ, நினைவகக் கசிவு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

கணிப்பொறித் திரையில் ஒரு கணக்கு அட்டவணை திறந்திருப்பதாகக் கொள்வோம். அதே எண்கள் ஒரு புறம் பட்டை வரைபடமாகவும் மறுபுறம் வட்ட வரைபடமாகவும் காட்டப்படுகின்றன. அட்டவணையில் ஓர் எண்ணைத் திருத்தினால் மூன்றும் உடனே மாற வேண்டும். ஆனால் எண்களை வைத்திருக்கும் பொருள் அவ்வரைபடங்களின் இயல்பை அறிந்திருத்தல் கூடாது. அறிந்திருப்பின், நாளை நான்காவது வரைபடம் ஒன்று சேரும்போது அப்பொருளின் நிரலையே திருத்த நேரும். இதற்குக் காணப்பட்ட தீர்வு எளியது. எண்களை வைத்திருக்கும் பொருள் ஒரு பட்டியலைப் பேணும். மாற்றத்தை அறிய விரும்பும் பொருள்கள் அதில் தம்மைப் பதிந்துகொள்ளும். மாற்றம் நிகழ்ந்ததும் பட்டியலில் உள்ள அனைத்துக்கும் ஒரே செய்தி செல்லும். இதுவே நோக்கர் தோரணி.

இதில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன: சேர்த்தல், அறிவித்தல், நீக்கல். முதல் இரண்டில் எது விடுபட்டாலும் திரை மாறாது. பிழை அப்போதே கண்ணில் படும். மூன்றாவது விடுபட்டால் அவ்வாறு எதுவும் நிகழ்வதில்லை. நிரல் சரியாகவே இயங்குவதாகத் தோன்றும். பயன் முடிந்த பொருள்கள் மட்டும் பட்டியலில் தங்கிக்கொண்டே இருக்கும். இத்தோரணியைப் பற்றிய எழுத்துகள் முதல் இரண்டு செயல்களையே விரித்துரைக்கின்றன. மூன்றாவதன் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஓஸ்லோவிலிருந்து பாலோ ஆல்ட்டோவுக்கு

இத்தோரணி பிறந்த சூழல் திரையில் வரையும் வேட்கையன்று. கப்பல் கட்டும் தொழில். நார்வே நாட்டவரான ட்ரிக்வே ரீன்ஸ்கோ (1930–2024), ஓஸ்லோவின் மையத் தொழில் ஆய்வு நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் 'ஆட்டோகான்' என்னும் கப்பல் வடிவமைப்பு மென்பொருளை உருவாக்கியவர். 1963இல் அது நார்வேயின் ஸ்டோர்ட் கப்பல் தளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதல் மொழியாகக் கருதப்படும் சிமுலாவும் அதே நகரில்தான், ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரால் அதே பத்தாண்டில் உருவானது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

1978–79இல் ரீன்ஸ்கோ கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்துக்கு வருகைதரு ஆய்வாளராகச் சென்றார். ஆலன் கே தொடங்கிய குழு அங்கு ஸ்மால்டாக் மொழியை வளர்த்துக்கொண்டிருந்தது. ரீன்ஸ்கோ 1979 மே 12 அன்று எழுதிய குறிப்பு, திட்டமிடல் மென்பொருள் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பெரும் பாலம், மின் நிலையம், கடல் எண்ணெய் மேடை போன்ற ஒரு கட்டுமானத்தில் எண்ணற்ற பணிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். அவற்றைத் திட்டமிடுவோர் ஒரே செய்தியைப் பல வடிவங்களில் காண வேண்டியவர்கள்: ஒருமுறை வலைப்படமாக, மற்றொரு முறை காலப்பட்டையாக, வேறொரு முறை வெறும் பட்டியலாக. இத்தேவையிலிருந்தே மாதிரியும் காட்சியும் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று எழுதிய குறிப்பில் அப்பிரிப்பு 'மாதிரி–காட்சி–கட்டுப்படுத்தி' என்னும் பெயரை அடைந்தது.

மனிதர் மனத்தில் உள்ள உலகுக்கும் கணிப்பொறிக்குள் உள்ள உலகுக்கும் இடையே பாலம் அமைப்பதே ரீன்ஸ்கோவின் நோக்கம். மாற்றத்தை அறிவிக்கும் பொறியமைப்பு அந்நோக்கத்துக்கு ஒரு கருவி மட்டுமே. கருவி தனியே பெயர் பெற்று, நோக்கம் பின்தங்கியது பிற்கால நிகழ்வு.

சார்ந்தோர்

ரீன்ஸ்கோ நார்வே திரும்பிய பின்னர் ஜிம் ஆல்தாஃபும் பிறரும் அக்கருத்தை ஸ்மால்டாக்-80இன் வகுப்புத் தொகுதியில் அமைத்தனர். அம்மொழியை விளக்கி அடீல் கோல்ட்பர்க்கும் டேவிட் ராப்சனும் 1983இல் வெளியிட்ட நூலில், பட்டியலில் உள்ள பொருள்களுக்கு வழங்கும் பெயர் 'சார்ந்தோர்' என்பதாகும். நோக்கர் என்ற சொல் அங்கு இல்லை. அந்நூல் தரும் எடுத்துக்காட்டு போக்குவரத்து விளக்கு. ஒரு கம்பத்திலுள்ள விளக்குகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு விளக்கு எரியத் தொடங்கியதும், தான் மாறியதாக அறிவிக்கும். செய்தி பெற்ற மற்ற விளக்குகள் தாமே அணையும். எந்த விளக்கும் பிற விளக்குகளுக்கு ஆணையிடுவதில்லை. இத்தோரணியைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை யான் கண்டதில்லை. பின்வந்த நூல்கள் இதனைக் கைவிட்டது இழப்பே.

இனி, அப்பட்டியல் எங்கே வைக்கப்பட்டது என்பதைக் காண்போம். ஸ்மால்டாக்கில் அனைத்து வகுப்புகளுக்கும் மூலமான 'ஆப்ஜெக்ட்' வகுப்பே இவ்வசதியைத் தந்தது. எந்தப் பொருளுக்கும் சார்ந்தோர் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான பொருள்களுக்குச் சார்ந்தோர் இருப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்தால் நினைவகம் வீணாகும். அக்காலத்தில் நினைவகம் அரிய செல்வம். ஆகவே அனைத்துப் பொருள்களுக்கும் பொதுவான ஒரே பதிவேடு அமைக்கப்பட்டது. எந்தப் பொருளுக்கு எவை சார்ந்தோர் என்பது அதில் எழுதப்படும்.

சிக்கனமான அவ்வேற்பாட்டின் விலை விரைவில் தெரிந்தது. ஸ்மால்டாக்கில் பயனற்ற பொருள்களின் இடத்தை மொழியே மீட்டுக்கொள்ளும். ஒரு பொருளை வேறெதுவும் சுட்டாதபோதே அது பயனற்றதாகக் கொள்ளப்படும். பொதுப் பதிவேட்டில் இடம்பெற்ற பொருளையோ அப்பதிவேடு என்றும் சுட்டிக்கொண்டே இருக்கும். எனவே ஒருமுறை பதியப்பெற்ற பொருளுக்கு, நிரலர் கைப்படப் பெயரை நீக்கினாலன்றி, முடிவில்லை. இதனை உணர்ந்தே 'விடுவி' என்னும் பொருள்படும் செய்தி ஒன்று மூல வகுப்பிலேயே வைக்கப்பட்டது. சாளரம் மூடப்படும்போது காட்சிப் பொருள் அச்செய்தியைப் பெற்று, மாதிரியின் பட்டியலிலிருந்து விலக வேண்டும்.

இரண்டாவது தீர்வும் வந்தது. 'மாடல்' என்னும் தனி வகுப்பு தன் சார்ந்தோர் பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. மாதிரியை வேறு யாரும் சுட்டாத நிலையில், மாதிரியும் அதன் பட்டியலும் ஒருங்கே மீட்கப்படும். கிளென் கிராஸ்னரும் ஸ்டீபன் போப்பும் 1988இல் எழுதிய புகழ்பெற்ற வழிகாட்டிக் கட்டுரை இவ்விரு ஏற்பாடுகளையும் விளக்குகிறது. ஆக, 1980களின் இறுதிக்குள் ஸ்மால்டாக் நிரலர்க்கு இரண்டு உண்மைகள் தெளிவாகியிருந்தன. பட்டியல் எங்கிருக்கிறது என்பது வடிவமைப்பு வினா. விலகுதல் என்பது சேர்தலுக்கு நிகரான கடமை.

ஒப்பந்தமும் தொகைநூலும்

கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977இல் 253 கட்டடத் தோரணிகளைத் தொகுத்தார். அம்முறையை நிரலாக்கத்துக்குக் கொணரலாம் என்று கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்காமும் 1987இல் முன்மொழிந்தனர். இக்கதை பலமுறை சொல்லப்பட்டது; விரிக்க வேண்டியதில்லை. குறைவாகப் பேசப்படுவது 1990இல் வெளிவந்த ஒரு கட்டுரை. ரிச்சர்ட் ஹெல்ம், இயன் ஹாலந்து, திபாயன் கங்கோபாத்யாய் ஆகிய மூவர் எழுதிய அது, பொருள்களுக்கிடையிலான கூட்டுறவை 'ஒப்பந்தம்' என்னும் கருத்தால் வரையறுத்தது. அதன் முதன்மை எடுத்துக்காட்டு ஒரு பொருளுக்கும் அதன் காட்சிகளுக்கும் உள்ள உறவு. ஒவ்வொரு தரப்பின் கடமையும் முறையான குறியீடுகளில் எழுதப்பட்டது. இணைத்தலோடு பிரித்தலும் அக்கடமைகளுள் ஒன்று.

அதே ஹெல்ம், எரிக் காமா, ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகியோருடன் இணைந்து 1994இன் இறுதியில் வெளியிட்டதே 23 தோரணிகள் கொண்ட தொகைநூல். அவற்றுள் 11 நடத்தைசார் தோரணிகள். நோக்கர் அவற்றுள் ஒன்று. 'சார்ந்தோர்', 'வெளியிடல்–சந்தா' என்பன அதன் மாற்றுப் பெயர்களாகத் தரப்பட்டன. ஸ்மால்டாக்கின் மாதிரி–காட்சி அமைப்பு முந்தைய வழக்காக வெளிப்படையாக ஒப்பப்பட்டது. புதிதாகக் கண்டுபிடித்ததாக ஆசிரியர்கள் எவ்விடத்தும் உரிமை கொண்டாடவில்லை. வழக்கிலுள்ளதைப் பதிவு செய்வதே தம் பணி என்றனர். இத்தொகைநூலை இலக்கணம்போல் படித்தவர்கள் பிற்காலத்தவரே.

நால்வருள் காமா சூரிச்சில் உருவான 'இடி++' சட்டகத்திலும், விலிசிடிஸ் ஸ்டான்ஃபோர்டின் 'இன்டர்வியூஸ்' தொகுதியிலும் உழைத்தவர்கள். இரண்டும் சி++ மொழியில் அமைந்தவை. நூலிலுள்ள நோக்கர் நிரலும் சி++ மொழியிலேயே உள்ளது: ஒரு காலமானி, அதனை நோக்கும் எண்முறைக் கடிகாரம், முள் கடிகாரம். இங்குதான் நம் வினாவுக்குரிய சான்று கிடைக்கிறது. எண்முறைக் கடிகாரத்தின் ஆக்கி, காலமானியின் பட்டியலில் தன்னைச் சேர்க்கிறது. அதன் அழிப்பான், அதே பட்டியலிலிருந்து தன்னை நீக்குகிறது. ஒரே வரி. அதற்கென விளக்கவுரை எதுவும் நூலில் இல்லை.

விளக்கவுரை இல்லாததற்குக் காரணம் உண்டு. சி++ மொழியில் பொருளின் முடிவு நிரலரின் கையில் உள்ளது; முடிவுறும் கணத்தில் அழிப்பான் தவறாது இயங்கும். நீக்கல் வரியை மறந்தால், அடுத்த அறிவிப்பு இல்லாத பொருளைத் தேடிச் செல்லும். நிரல் பெரும்பாலும் முறிந்து விழும். மறதிக்குத் தண்டனை அதே நாளில் கிடைத்துவிடுகிறது. அதனால் சி++ நிரலர்க்கு அவ்வரி சொல்லாமலே விளங்கும். நூலின் உரைப்பகுதி தனியே எச்சரிப்பது எதிர்த்திசைச் சிக்கலை மட்டுமே: நோக்கப்படும் பொருள் அழிந்தால் நோக்கர்களிடம் எஞ்சும் சுட்டுகளை என்ன செய்வது என்பது அது. பட்டியலைப் பொருளுக்குள் வைப்பதா, வெளியே ஒரு பதிவேட்டில் வைப்பதா என்னும் வினாவையும் நூல் எழுப்புகிறது. ஆயினும் அதனை இடச்சிக்கனம், வேகம் ஆகியவற்றின் கணக்காகவே காண்கிறது. ஸ்மால்டாக்கில் அது பொருளின் ஆயுள் பற்றிய வினாவாகவும் இருந்ததென்பது அங்கு மறைந்துபோகிறது.

பீட்டர் நார்விக் 1996இல், 23 தோரணிகளுள் 16 லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் எளிமையாகின்றன அல்லது கண்ணுக்குத் தெரியாமலே மறைகின்றன என்று காட்டினார். நோக்கரும் அப்பதினாறில் ஒன்று. தோரணி என்பது மொழியின் குறையை நிரப்புவது என்று அவர் கூற்றைச் சுருக்குவோர் பலர். நோக்கரைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே எனக் கருதுகிறேன். அறிவிப்பை மொழி எளிதாக்கலாம். விலகும் கணத்தை எந்த மொழியும் தானே அறிவதில்லை.

ஜாவாவில் விடுபட்ட வரி

1996 ஜனவரியில் வெளிவந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே 'அப்சர்வர்' என்னும் இடைமுகமும் 'அப்சர்வபிள்' என்னும் வகுப்பும் இடம்பெற்றன. தொகைநூல் வெளிவந்து ஓராண்டு சற்றே கடந்திருந்தது. இவ்வளவு விரைவில் ஒரு தோரணி மொழியின் அடிப்படைத் தொகுதிக்குள் நுழைந்தது வியப்புக்குரியது. ஆனால் வழியில் ஒன்று உதிர்ந்தது. ஜாவாவில் சி++ மொழியின் அழிப்பான் இல்லை. நினைவகத்தை ஸ்மால்டாக்கைப் போல மொழியே மீட்கும். ஆகவே தொகைநூலின் கடிகார நிரலை ஜாவாவில் எழுத முற்பட்டவர்க்கு, ஆக்கி இருந்தது. சேர்க்கும் வரி இருந்தது. நீக்கும் வரியை வைக்க இடமில்லை.

அதன் விளைவு ஸ்மால்டாக் கண்ட அதே விளைவு. ஒரு மென்பொருளின் உரையாடல் சாளரம் நாளொன்றுக்கு நூறுமுறை திறந்து மூடப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் அது மைய ஆவணத்தின் பட்டியலில் தன்னைச் சேர்க்கிறது, மூடியதும் விலகுவதில்லை. மாலைக்குள் நூறு சாளரங்கள் பட்டியலில் நிற்கும். திரையில் ஒன்றும் இல்லை. நினைவகத்தில் நூறும் உள்ளன. ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினால் நூறும் செய்தி பெற்று, யாரும் காணாத காட்சியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். மென்பொருள் முறிவதில்லை, மெல்ல மெல்லத் தளர்கிறது. சி++ மொழியில் அன்றே கிடைத்த தண்டனை இங்கு மாதங்கள் கழித்து, பெரும்பாலும் வேறொருவருக்கு, கிடைக்கிறது. இதற்குக் 'காலாவதியான கேட்போர் சிக்கல்' என்னும் பொருள்பட நிரலரிடையே ஒரு பெயரே ஏற்பட்டது.

1998இல் வந்த ஜாவாவின் 1.2ஆம் பதிப்பு 'வலுவற்ற சுட்டு' என்னும் வசதியைத் தந்தது. பட்டியல் ஒரு பொருளைச் சுட்டினாலும், அச்சுட்டு அப்பொருளை உயிரோடு பிடித்துவைக்காது. கேட்போரை வலுவற்ற சுட்டுகளாலேயே பட்டியலிட வேண்டும் என ஜோசுவா பிளாக் 2008இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அறிவுறுத்தினார். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் 3.0 (2006) இதற்கென ஒரு வகுப்பையே அளித்தது. ஆனால் இத்தீர்வு புதிய இடரையும் உடன்கொணர்ந்தது. பெயரில்லாச் சிறு பொருளாக எழுதப்பட்ட நோக்கரைப் பட்டியல் மட்டுமே சுட்டியிருந்தால், அது வேலை தொடங்குமுன்பே மீட்கப்பட்டுவிடலாம். முன்னர் இறவாத நோக்கர். பின்னர் காரணமின்றி மறையும் நோக்கர்.

வேறொரு வழியை எரிக் மெய்யர் குழுவினர் கண்டனர். 2010இல் டாட்நெட் 4.0இல் சேர்ந்த இடைமுகத்தில், பட்டியலில் சேரும் செயல் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சேர்ந்ததற்குச் சீட்டுப்போல ஒரு பொருளைத் தருகிறது. விலக விரும்புபவர் அச்சீட்டை முறித்தால் போதும். நீக்கல் என்னும் கடமை இங்கு கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளானது. அதைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பல சீட்டுகளை ஒரே கட்டாகக் கட்டிச் சாளரம் மூடும்போது ஒருங்கே முறிக்கலாம். மறதி இதனால் ஒழிந்துவிடவில்லை. சீட்டை வாங்கிக் கீழே போட்டுவிடுவோர் உளர். அதே 2010இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து இங்கோ மேயர், தியார்க் ராம்ப், மார்ட்டின் ஓடர்ஸ்கி ஆகியோர் இத்தோரணியையே கைவிட வேண்டும் என வாதிடும் அறிக்கையை வெளியிட்டனர். வள மேலாண்மைக் குறைபாடு அவர்கள் சாட்டிய குற்றங்களுள் ஒன்று.

பெயர்களும் பொறுப்பும்

ஒரே பொறியமைப்பு நாற்பதாண்டுகளில் நான்கு பெயர்களைத் தாங்கியது: சார்ந்தோர், நோக்கர், கேட்போர், சந்தாதாரர். இவற்றைத் தமிழாக்க முனையும்போது, ஒவ்வொன்றும் பொறுப்பை வெவ்வேறு தோளில் ஏற்றுவது புலப்படுகிறது. சார்ந்தோர் என்பது உறவுப் பெயர். உறவு முடிவுறும் என்னும் எண்ணம் அதில் உண்டு. நோக்கர் என்பது செயலின் பெயர். அதுவும் தவறான செயல். நோக்கர் நோக்குவதில்லை, அவருக்கு அறிவிக்கப்படுகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர் பார்க்கப்படுவதன்மேல் எவ்வகையிலும் பற்றியிருப்பதில்லை என்ற மயக்கத்தை அச்சொல் தருகிறது. உண்மையிலோ, பார்க்கப்படுவதே பார்ப்பவரைப் பிடித்துவைத்திருக்கிறது. 1997இல் ஜாவாவின் 1.1ஆம் பதிப்பு கொணர்ந்த 'கேட்போர்' என்ற சொல் அறிவிப்புக்கு நெருக்கமானது. எனினும் விலகலைக் குறித்து அதுவும் மௌனமே. சந்தா என்ற சொல் ஒன்றே தொடக்கத்தையும் முடிவையும் தன்னுள் கொண்டது. வீடு மாறியவரின் பழைய முகவரிக்கு இதழ் வந்து குவிவதை யாவரும் அறிவர்.

மறுதரப்பின் பெயரும் இடர் தருவதே. தொகைநூல் அதற்கு இட்ட 'சப்ஜெக்ட்' என்னும் பெயரைக் 'கருப்பொருள்' எனப் பெயர்க்கும் ஆவல் எழலாம். திணைக்கோட்பாடு பயின்றோர்க்கு அச்சொல் முற்றிலும் வேறொன்று. 'முதற்பொருள்' என்பதும் அவ்வாறே. 'நோக்கப்படுபொருள்' என்பது நீண்டதாயினும் மயக்கம் தராது. முதல் பெயருக்கு என் பரிந்துரை ஸ்மால்டாக்கின் 'சார்ந்தோர்' என்பதே. இக்கட்டுரை 'நோக்கர்' என எழுதியது பரவலான வழக்கை ஒட்டியே.

2017 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 9, இருபத்தோராண்டுக் காலம் தன் அடிப்படைத் தொகுதியில் இருந்த 'அப்சர்வர்', 'அப்சர்வபிள்' இரண்டையும் தவிர்க்கத்தக்கவையாக அறிவித்தது. அறிவிப்பிலுள்ள காரணங்கள் மூன்று: நிகழ்வு முறை மிகக் குறுகியது, அறிவிப்புகளின் வரிசை உறுதியற்றது, நிலைமாற்றங்களும் அறிவிப்புகளும் ஒன்றுக்கொன்று நிகராக அமைவதில்லை. மூன்றும் அறிவித்தல் பற்றியவை. நீக்கல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறிவிப்புக்குப் பின்னரும் அவ்வகுப்பு தொகுதியிலிருந்து அகற்றப்படவில்லை. அதனைச் சார்ந்த பழைய நிரல்கள் இன்னும் இயங்குகின்றன.